கையால் செய்த துரு

உங்கள் ஏட்டையா அதைப் பொம்மை என்று சொன்னார். எனக்கு அதில் வருத்தமில்லை, மேடம். மில்லில் என்னோடு வேலை பார்க்கிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் பெலிக்ஸுக்கு இந்த வயதில் பொம்மை ஆசை என்று கேன்டீனில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துக்கொள்வேன்.

ஒரு பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, உரசி, ஒட்டி, பெயின்ட் அடித்தால் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய விமானம். நான் செய்வது எல்லாம் உலகப்போர்க் காலத்து ஜப்பான் விமானங்கள். வேறு நாட்டு விமானங்களைத் தொடுவதில்லை. காரணம், அவைதான் அழகாகக் கெட்டுப்போயின. ஜப்பான் தரைப்படை விமானங்கள் பலவற்றில் அடிப்பூச்சு கிடையாது. வெறும் அலுமினியத்தின்மேல் பச்சையை அடித்துப் பர்மாவுக்கும் தீவுகளுக்கும் அனுப்பிவிட்டார்கள். வெயிலிலும் உப்புக்காற்றிலும் பச்சை செதில்செதிலாக உரிந்து, உள்ளே இருக்கிற வெள்ளி நிறம் தெரிய ஆரம்பித்துவிடும். விமானி கால் வைத்து ஏறுகிற இடம், பெட்ரோல் மூடியைச் சுற்றி, இறக்கையின் முன்விளிம்பு. எது எங்கே எப்படித் தேயும் என்று தெரிந்திருக்க வேண்டும். கடற்படை விமானங்களுக்கு அடிப்பூச்சு உண்டு, அவை அவ்வளவாக உரியாது. அது தெரியாமல் எல்லாவற்றையும் உரித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சிகளில் அப்படி ஒன்றைப் பார்த்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். அந்த ஆளை மட்டும் மனதில் ஒதுக்கிவிடுவேன்.

புதிய பொருளைப் பழசாக்குவதுதான் இந்த வேலையில் கடைசிக் கட்டம். எனக்குப் பிடித்த கட்டமும் அதுதான். இதற்காகவே பஸ் ஏறிப் பிளவக்கல் போய் அணையின் ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். துரு ஒரே நிறம் என்று நினைக்கிறோம். கிடையாது. பழைய துரு கறுப்புக்குப் பக்கத்தில் இருக்கும். புதுத் துரு ஆரஞ்சாக இருக்கும். தண்ணீர் வடிந்த இடத்தில் டீக்கறை மாதிரி இறங்கும்.

ஸ்டேஷன் ரோட்டு வீட்டு மாடிக் கம்பி துருப்பிடித்து ஒடிந்தது என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்கிறது. அதைத் திருத்தத்தான் ராஜபாளையத்திலிருந்து கிளம்பி இங்கே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கூட்டிவரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடு சோலைராஜுடையது. என் தங்கை ஜெயசித்ராவைக் கட்டியவன். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளை வளர்த்து, படிக்கவைத்து, கல்யாணம் செய்து கொடுத்தது நான்தான். எனக்கென்று நான் குடும்பம் வைத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான நாலாவது வருடம் அவள் அந்த மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் கீழே விழுந்து இறந்தாள். அப்போது மாடியில் பின்பக்கம் தடுப்பு எதுவும் கிடையாது. கால் தவறி விழுந்தாள் என்று இதே ஸ்டேஷனில் எழுதி மூடினார்கள். அப்போது நீங்கள் இங்கே இல்லை.

அவன் தள்ளினான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பீர்கள். அவன் அழவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போது நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. வந்தவர்களிடம் பந்தல்காரன் வந்துவிட்டானா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். எனக்கு அது போதும்.

அடுத்த வருடமே சுந்தரபாண்டியத்திலிருந்து ஜெயபாயைக் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு முன்னால் மாடியைச் சுற்றி இரும்புக் கம்பியில் தடுப்பு வைத்தான். பெண் வீட்டார் கேட்டிருப்பார்கள். என் தங்கைக்கு வைக்காத தடுப்பு. நான் கோபப்படவில்லை. கல்யாணத்துக்குப் போனேன், மொய் செய்தேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகும் விடாமல் போய்வந்தேன். 'மச்சான் மாதிரி ஒரு மனுசன் உண்டா' என்று அவன் எல்லோரிடமும் சொல்வான். பக்கத்தில் இருந்தால்தான் ஒருவனுடைய பழக்கவழக்கம் தெரியும்.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் மாடியில் ஏறி, பின்பக்க மூலையில் கம்பியில் முழு உடம்பையும் சாய்த்துக்கொண்டு போன் பேசுவான். அந்த மூலைக்கு நேர் கீழேதான் துணி துவைக்கிற கல். அதன்மேல்தான் ஜெயசித்ரா விழுந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் ஆராதனைக்குப் போயிருந்தபோது வேலையைச் செய்தேன். மாடிப்படி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வெட்டுவது பெரிய காரியமில்லை, மில்லில் தினமும் செய்கிற வேலை. அந்த மூலையில் கம்பி நிற்கிற இடங்களை அடியில் அறுத்து, பார்வைக்கு நிற்கிற அளவுக்கு மட்டும் மிச்சம் வைத்தேன். ஆனால் அறுத்த இரும்பு பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்தால் சின்னப்பிள்ளைகூடச் சொல்லிவிடும். விமானத்தில் நான் பச்சைக்குள் இருக்கிற வெள்ளியை வெளியே கொண்டுவருவேன். இங்கே வெள்ளியை மறைக்க வேண்டியிருந்தது. முதலில் கறுப்பு, அதன்மேல் காவி, ஓரங்களில் ஆரஞ்சு, சிமென்ட்டில் வடிகிற கறை. அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் செய்தேன். முடித்துவிட்டு எழுந்து தள்ளி நின்று பார்த்தபோது, பல மழையைப் பார்த்த கம்பி மாதிரி இருந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு நல்ல வேலை செய்ததில்லை. உங்கள் ஆட்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டே துரு என்று எழுதினார்கள்.

அந்த வாரமே அவர்களுக்கு ஒரு விமானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹயபுசா என்று பெயர். கம்பி எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் ஒரு சாக்கு வேண்டுமே. சோலைராஜ் வீட்டில் இல்லை. ஜெயபாய் அதை இரண்டு கையிலும் வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பித்திருப்பிப் பார்த்தாள்.

"நெசமாவே சண்டைக்குப் போயிட்டு வந்தது மாதிரி இருக்குண்ணே. எம்புட்டு பொறுமை உங்களுக்கு."

டிவிக்கு மேலே, ஜெயசித்ராவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் படத்தை அங்கே மாட்டியது அவள்தான். அவன் மாட்டவில்லை.

"மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டேன்.

"அவியளுக்கு ஷிப்ட் மாத்திட்டாவ. இருட்டுன பொறவுதான் வாராவ. நான்தான் இப்பம் மாடியில போயி நிக்கேன். அந்த மூலையில நின்னு எட்டிப் பாத்தா பைக்கு திரும்புறது தெரியும். நின்னுட்டு இருந்தா அவியளுக்கு ஒரு சந்தோசம்."

காபி போட்டுக் கொடுத்தாள். நல்ல காபி. எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகத்தோடு கேட்டாள்.

"அண்ணே, தப்பா நெனைக்காதிய. அக்கா விழுந்த அன்னைக்கி மத்தியானம் கடைசியா உங்ககிட்டதான் போன்ல பேசுனாவளாம். அவிய சொன்னாவ. அக்கா என்ன பேசுனாவ?"

"சும்மா, நல்லா இருக்கியான்னு கேட்டா," என்றேன்.

"அம்புட்டுதானா? பேசிட்டு வந்து ரொம்ப நேரம் அழுதுட்டே இருந்தாவன்னு சொன்னாவளே."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "மாப்பிள்ளை எதையாச்சும் சொல்லுவாரு," என்றேன். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்தேன். அவள் வாசல்வரை வந்து, 'பாத்துப் போங்கண்ணே' என்றாள். நான் தெருவில் இறங்கியபோது அவள் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு ஒடியவில்லை. அதற்குப் பிறகு சில நாட்கள் தாங்கியது. எவ்வளவு மிச்சம் வைப்பது என்ற என் கணக்கு கொஞ்சம் தவறிவிட்டது.

ஆள் மாறிப்போய்விட்டதா, அவனுக்கு வைத்தது அவளுக்கு நடந்துவிட்டதா என்று சற்று முன் கேட்டீர்கள். அப்படி எழுத வேண்டாம். அந்தக் காபியைக் குடித்து முடிப்பதற்குள் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. அவள் அங்கே நிற்பாள் என்று தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிறகும் நாட்கள் இருந்தன, ஒரு போன் போதும். நான் செய்யவில்லை. சோலைராஜ் விழுந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும், அவனுக்கு என்ன தெரியப்போகிறது. ஒரு ஆளைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள் நடமாடுவது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா. ஜெயபாய் மேல் எனக்கு எந்த வன்மமும் இல்லை. நல்ல பெண்.

ஜெயபாயின் அடக்கத்தன்று நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்தது. அவன் அழுதான். என் தங்கைக்கு வராத அழுகை அத்தனையும் வந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், எனக்கு மட்டும் ஏன் மச்சான் இப்பிடி? நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றான். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். சட்டை நனைந்துபோனது. அதை நான் இன்னும் துவைக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவனைப் பார்த்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாதிரியார் அவன் தலையில் கைவைத்து ஜெபித்தார். வந்தவர்கள் எல்லாம் அவன் கையைப் பிடித்து, ஆண்டவர் சோதிக்கிறார், தாங்கிக்கொள் என்றார்கள். அவனும் தலையாட்டினான். அவன் முகத்தில் கொஞ்சம் சமாதானம்கூட வந்திருந்தது. ஆண்டவர் செய்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான், மேடம். என் வேலையை வேறொருவர் பெயரில் எழுதிக்கொண்டு ஆறுதலடைகிறான். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அவனுக்குத் தெரியாவிட்டால் அது தண்டனையே இல்லை, வெறும் விபத்து. அதனால்தான் வந்தேன். அவனை இங்கே கூப்பிட்டு, நான் இருக்கும்போதே இதைப் படித்துக்காட்டுங்கள். அது ஒன்றுதான் நான் கேட்பது.

நான் சொன்ன எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். மறுக்க மாட்டேன். வக்கீலும் வேண்டாம்.

போன் விஷயத்தை ஏன் திரும்பத்திரும்பக் கேட்கிறீர்கள் என்று புரியவில்லை. பழைய கோப்பில் ஜெயசித்ரா அன்றைக்கு எனக்குப் பேசியது இருக்கிறது, சரி. பேசினாள். "அண்ணே, எனக்கு இங்க இருக்கப் பயமா இருக்கு. நான் அங்க வந்து கொஞ்ச நாள் இருந்துக்கிடட்டுமா?" என்றாள். என் வீட்டில் இருப்பது இரண்டு அறை. ஒன்றில் நான் படுப்பேன். இன்னொன்றில் மதுரைக் கண்காட்சிக்காகச் செய்த விமானங்களைத் தரையெல்லாம் பரப்பி வைத்திருந்தேன். ஆள் நடமாடினால் தூசி பறக்கும், ஈரப் பெயின்ட்டில் ஒட்டினால் மறுபடி சரிசெய்ய முடியாது. "கண்காட்சி முடியட்டும் ஏட்டி, பொறவு வா," என்றேன். அவ்வளவுதான். நான் வராதே என்று சொல்லவில்லை, பிறகு வா என்றுதான் சொன்னேன்.

அந்த இடத்தை மட்டும் அடித்துவிடுங்கள், மேடம். அதற்கும் இந்த வழக்குக்கும் சம்பந்தமில்லை.