அண்டத்துக்கு அப்பால், போணிக்கு முன்னால்

– மழுப்பாதீங்கப்பா. நான் பம்பாய் போகலாமா? ஆமா, இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

– ஏட்டி ஜெயபாரதி, கடைக்குள்ள நின்னுக்கிட்டு அந்த வார்த்தைய இழுக்காத. இன்னும் போணி ஆகணும்.

– அதுக்குத்தான் வீட்டுல கேக்காம இங்க வந்து கேக்குறேன். முதல் வியாபாரம் முடியற வரைக்கும் ‘இல்லை’, ‘முடியாது’, ‘கூடாது’ எதுவும் உங்க வாயில வராதே! வெள்ளைச்சாமி ஜவுளிக்கடை வழக்கம் டி.நகருக்கே தெரியும்.

– ஒன்னைய வக்கீலுக்குப் படிக்க வச்சிருக்கணும்.

– பிசிக்ஸ் படிக்க வச்சிட்டீங்க. இப்போ ஆராய்ச்சிக்கு இடமும் கிடைச்சாச்சு. இந்தப் பாரத்துல தகப்பனார் கையெழுத்து வேணும். மத்தியானத் தபால்ல போயாகணும். பொண்ணு கேட்ட மாணிக்கவாசகம் மாமா வீட்டுக்கும் இன்னைக்குத்தான் பதில் சொல்லணும்னு அம்மா சொன்னாங்க. தூத்துக்குடியில கல்யாணம் பண்ணி உக்கார வச்சிடுவீங்களோன்னு பயமா இருக்குப்பா.

– அது என் பாடு. நீ சொல்லு, பம்பாயில போயி என்னத்தத் தேடப் போற? யாராவது கேட்டா நான் சொல்லணும்லா.

– சூரியன், நட்சத்திரம் எல்லாம் சேர்ந்த இந்த அண்டம் இருக்கே, இதுக்கு வெளியே ஏதாவது இருக்கான்னு.

– வெளியேவா? மனுசன் நிலாவுல கால் வச்சே ரெண்டு வருசந்தான் ஆவுது. நீ அதையும் தாண்டிட்ட. அண்டத்துக்குக் காம்பவுண்டு சுவர் கட்டியிருக்காகளா?

– சுவரெல்லாம் கிடையாதுப்பா. வெளிச்சம் வந்து சேர நேரமாகும். ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னால கிளம்பினதெல்லாம் இப்போதான் நம்மகிட்ட வருது. அதுக்கும் தள்ளி இருக்கறதோட வெளிச்சம் இன்னும் வழியிலேயே இருக்கு.

– சூரத்துல சரக்கு ஏத்தியாச்சு, லாரி வந்துக்கிட்டு இருக்கு. அப்படித்தானே?

– அதேதான்!

– சரி. அந்த லாரிக்கும் அப்பால?

– அங்கதான் சண்டையே. வேற அண்டங்களே இருக்கலாம், நம்மளது ஒண்ணு மட்டும்னு எப்படிச் சொல்றதுன்னு சிலர் கேக்குறாங்க. மத்தவங்க அவங்களைப் பார்த்துச் சிரிக்கிறாங்க.

– அங்கயும் ஒரு வெள்ளைச்சாமி, போணி ஆகாம, மககிட்ட மாட்டிக்கிட்டு முழிப்பானோ?

– அப்பா!

– சிரிச்சது போதும், இதக் கேளு. அஞ்சாறு வருசம் கண்ணு பூத்துப்போகப் படிக்கப் போற. கடைசியில அங்கன வெறும் வெட்டவெளின்னு முடிஞ்சா? தனியா ஒரு ஊர்ல, நாங்க யாரும் பக்கத்துல இருக்காம... எப்படித் தாயி இருப்ப?

– வெட்டவெளின்னே முடியட்டுமே. பார்த்துட்டுச் சொன்னதா இருக்கும்ல? மாடியில ஏறிப் பார்க்காம யாராவது ‘சரக்கு தீர்ந்துபோச்சு’ன்னா நீங்க எப்படிக் குதிப்பீங்க! அதே கோவம்தாம்பா எனக்கும்.

– சத்தம் போடாத, ஆளு வருது. வாங்க, வாங்க!

– இன்னா மொதலாளி, நான்தான் மொத போணியா? ஊரூர் குப்பத்துலேர்ந்து பஸ் புடிச்சி வந்துகினு கீறேன்.

– ராசியான கையி ஒங்களுக்கு, கோவிந்தம்மா. என்ன சேலை எடுக்கணும்?

– பொண்ணுக்கு வளகாப்பு. வாடாமல்லிக் கலரு, வெள்ளைக் கரை. அது ஒண்ணுதான் வோணும்னு அடம் புடிக்குது. உங்கடைல அந்தச் சேலை கீதா?

– இந்த மாம்பழக் கலரப் பாருங்க. இந்த நீலத்தப் பாருங்க, கண்ண எடுக்க மனசு வராது.

– அத்தக் கேட்டா இத்தக் காட்டுறியே! ஆமா, பாப்பா மூஞ்சி இன்னாத்துக்கு வாடிக் கீது?

– அண்டத்துக்கு அப்பால ஏதும் இருக்கான்னு தேடப் போறாளாம்.

– அப்பாலன்னா?

– நம்மால பார்க்க முடிஞ்ச கடைசி இடத்துக்கும் அந்தப் பக்கம், அக்கா.

– அட, இதுக்கா இம்மாம் பேச்சு? கடலாண்ட நின்னா தூரத்துல ஒரு கோடு தெரியுதா? எங்கூட்டு ஆளு தெனிக்கும் அத்தத் தாண்டிப் போய்தான் வலை போடுது. கரைலேர்ந்து பாத்தா அங்க ஒண்ணுமே இல்ல. ஒண்ணுமில்லாத எடத்துலேர்ந்தா எனக்கு வஞ்சிரம் வருது?

– யம்மா, போணிக்கு முன்னால அந்த வார்த்தைய... இன்னைக்கு ஒரு நாளாவது விட்டுருங்க.

– நீதான் சொல்லக் கூடாது. வாங்க வந்த நான் சொல்லலாம். சேலை கீதா, நான் வேற கடைக்குக் கெளம்பட்டா?

– கொஞ்சம் இருங்கக்கா. மாடியில ரெண்டாவது அலமாரியில அந்தக் கலர்ல ஒண்ணு பார்த்திருக்கேன். எடுத்துட்டு வரேன்.

– இன்னா வேகமா ஏறுது பாரு! தங்கமான பொண்ணு மொதலாளி. எங்க போய்த் தேடப் போவுதாம்?

– பம்பாயில. தன்னந்தனியா.

– பயமா கீதா?

– ரொம்ப.

– எனக்கும்தான். எங்கூட்டு ஆளு கட்டுமரத்தத் தள்றப்பல்லாம் நெஞ்சு அடிச்சிக்கும். அதுக்காகக் கரையிலயே கட்டிப் போட முடியுமா? போவட்டும், வரும்.

– இதோ அக்கா! வாடாமல்லி, வெள்ளைக் கரை.

– இதேதான்! ஐய, இன்னா அயகு! கட்டிக் குடு மொதலாளி. பாப்பா, நீ போய்ட்டு வா. இன்னா கீதுன்னு பாத்துட்டு வந்து எனக்கும் சொல்லு.

– கண்டிப்பா சொல்றேங்க்கா.

– ஏட்டி, இங்க வா. அந்தச் சேலை மாடியில கெடக்குன்னு எனக்கே மறந்துபோச்சு. நீ பேசாம நின்னிருந்தா அந்தம்மா வேற கடைக்குப் போயிருக்கும். போணியும் தள்ளிப் போயிருக்கும். ஒன்னைய மறுக்க முடியாம என் வாயும் கட்டியே கெடந்திருக்கும்லா?

– தெரியும். ஆனா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிப்பா சும்மா நிப்பேன்? சரி, போணி ஆயிடுச்சு. மனசுல இருக்கறதைச் சொல்லிடுங்க. அழ மாட்டேன்.

– பாரத்தக் குடு. எங்க போடணும் கையெழுத்து?

– அப்பா! நிஜமாவா? மாணிக்கவாசகம் மாமாவுக்கு என்ன பதில் சொல்லுவீங்க?

– காலையில கடையத் தொறந்து வெளக்கு ஏத்தின கையோட அவரு போன் பண்ணிட்டாரு. பொண்ணத் தாரியளான்னு கேட்டாரு. முப்பது வருசத்துல மொத தடவையா, போணிக்கு முன்னால, இதே எடத்துல ஒக்காந்து ‘இல்லை’ன்னு சொன்னேன்.