தொப்புள்கொடி

அதிகாலை நாலேகால் மணி. நீர்த்தேக்கத்துக்குப் போகிற ரோடு. அந்த நேரத்தில் அங்கே ஈ, காக்கை இருக்காது. ஒரே ஒரு கார்... அதன் வாலில் இழுவை வண்டி, அதன்மேல் படகு. இழுவை வண்டியின் இடது சக்கரம் மட்டும் கிரீச்... கிரீச்... என்று கத்திக்கொண்டே வருகிறது. கிரீஸ் வைத்து ஆறு மாதமாகிறது என்று அர்த்தம்.

சிரிக்காதீர்கள். சாயங்காலம் உங்கள் வண்டியும் இதே பாட்டைப் பாடிக்கொண்டுதான் இந்தக் கொட்டகைக்குள் வந்தது. நாலு பேர் சேர்ந்து படகு வாங்கியிருக்கிறீர்கள், நாலு தொப்பி வாங்கியிருக்கிறீர்கள், ஒரு கிரீஸ் டப்பா வாங்க ஒருவருக்கும் தோன்றவில்லை. விடிந்தால் முதல் பயணம், மெக்கானிக் அண்ணன் நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். என் கையில் ஏன் இந்தச் சிவப்புக் கயிறு, எஞ்சின் எங்கே என்று கிண்டலும் செய்தீர்கள். இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில்தான். விளக்கை நடுவில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

அந்தக் காரில் இரண்டு பேர். ஓட்டியவர் என் நண்பனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். படகு வருவதற்கு ஒரு மாதம் முன்பே தொப்பி வாங்கிவிட்டார், அதனால் வந்த பெயர். பக்கத்தில் அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி. இருபத்தாறு வயது. அக்கா தூக்கி வளர்த்த பையன், மாமா கூப்பிட்டால் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து வருகிற ரகம்.

கேப்டனுக்கு ஒரு வியாதி இருந்தது. தான் தப்புச் செய்வதை யாரும் பார்த்துவிடக் கூடாது. முதல் தடவை படகை இறக்கும்போது அடியில் இருக்கிற வடிகால் ஓட்டையை அடைக்க மறந்துவிட்டார். கரையில் இருந்தவர்கள் கத்திச் சொல்வதற்குள் கணுக்கால் அளவு தண்ணீர். இது எல்லோருக்கும் நடக்கிறதுதான். கார் சாவிக் கொத்திலேயே அந்த அடைப்பானை மாட்டி வைத்தால் மறக்காது, நாளை முதல் அப்படிச் செய்யுங்கள். கேப்டனோ அன்று கரையில் சிரித்தவர்கள் முகத்தை ஒவ்வொன்றாக ஞாபகம் வைத்துக்கொண்டார்.

அடுத்து இந்தக் கயிறு. சின்னப் படகு எஞ்சின் ஒவ்வொன்றுக்கும் இது உண்டு. ஒரு முனை ஓட்டுகிறவன் மணிக்கட்டில். மறுமுனையில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி, அது எஞ்சின் சுவிட்சில். ஓட்டுகிறவன் தண்ணீரில் விழுந்தால் கயிறு கொக்கியைப் பிடுங்கிவிடும், எஞ்சின் நின்றுவிடும். கொக்கி இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது. கடையில் நாங்கள் இதைத் தொப்புள்கொடி என்போம்.

கேப்டனுக்கு இது முழங்கையில் மாட்டிக்கொண்டே இருந்தது. திரும்பினால் எஞ்சின் நிற்கும். மீன் பெட்டியைத் திறந்தால் நிற்கும். பக்கத்துப் படகுக்காரர்கள், "என்ன கேப்டன், மறுபடியும் தூங்கிடுச்சா?" என்பார்கள். ஒருநாள் நேராக ஒரு மெக்கானிக்கிடம் போனார்.

"இந்த எழவெடுத்த கயிறு இல்லாம ஓடணும். ஏதாவது வழி பண்ணு."

அந்த மெக்கானிக் பெரிய கெட்டிக்காரன் என்று அவனுக்கே நினைப்பு. பழைய கயிறு ஒன்றை எடுத்தான். கத்தியை அடுப்பில் காய்ச்சி, கொக்கியை மட்டும் வெண்ணெய் மாதிரி வெட்டி எடுத்து, சுவிட்சில் செருகிக் கொடுத்தான். "அவசரத்துக்கு மட்டும் வச்சுக்குங்க" என்றும் சொன்னான். அப்படிச் சொல்லிவிட்டால் பாவம் கழிந்துவிடும் போல.

இப்போது அந்தக் காலைக்கு வாருங்கள். ஆறு மணிக்கு வெளுக்கத் தொடங்கியது. மச்சினன் பின்னால் உட்கார்ந்து எஞ்சின் கைப்பிடியைப் பிடித்து ஓட்டுகிறான். கேப்டன் முன்னால், தூண்டிலில் முள் கட்டிக்கொண்டிருக்கிறார். மீன் வலையை எடுக்கலாம் என்று அவன் எழுந்தான்... கைப்பிடியை விட்டான். சின்னப் படகில் கைப்பிடியை விட்டால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாயும், படகு வெட்டித் திரும்பும். அவன் தண்ணீரில்.

எஞ்சின் நிற்கவில்லை. அதில்தான் வெறும் கொக்கி இருக்கிறதே.

கைப்பிடியில் ஆளில்லாத படகு நேராகப் போகாது. வட்டம் போடும். எங்கே விழுந்தானோ அங்கேயே திரும்பி வரும். மச்சினன் உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தான், நல்ல பிள்ளை. அது அவனை முங்கித் தப்பவும் விடவில்லை. கேப்டன் மூன்று அடி பின்னால் தவழ்ந்து வந்து கொக்கியைப் பிடுங்கினால் போதும். வெறும் மூன்று அடி.

"மாமா, கொக்கியப் புடுங்குங்க!"

முதல் வட்டம் தோளில் இடித்தது. டொக்.

கேப்டன் படகின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நகர்ந்தால் தானும் விழுந்துவிடுவோமோ என்று பயம். ஒரு வட்டத்துக்கு ஒன்பது வரை எண்ணலாம்.

"மாமா..."

டொக்.

மறுபடி ஒன்பது. மூன்றாவது வட்டத்தில் சத்தமே இல்லை. குரலும் இல்லை, இடியும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவர் தவழ்ந்து வந்தார்.

வந்தவர் முதலில் என்ன செய்தார் தெரியுமா? வெட்டிய கொக்கியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். பெட்டிக்குள் கிடந்த நல்ல கயிற்றை எடுத்துச் சுவிட்சில் மாட்டித் தொங்கவிட்டார். பிறகுதான் உதவிக்குக் கத்தினார்.

துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருவரிடமும், "நூறு தடவ சொன்னேன், கயித்தக் கட்டுடான்னு. கேட்டானா?" என்றார். எல்லோரும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள். செத்தவனைத் திட்டினார்கள். அவனைப் பெற்றவள் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு கயித்தக் கட்டினா கை என்னடா, தேஞ்சா போயிடும்? மாமா சொன்னா கேட்கக் கூடாதா?" என்று அழுதாள். கேப்டன் காபி டம்ளரோடு பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

இரண்டு மாதம் கழித்து, படகு கொட்டகையில் சும்மா கிடக்கும்போது, கயிறு நனைய ஆரம்பித்தது. அன்று சுவிட்சில் தொங்கவிட்டாரே, அதே சிவப்புக் கயிறு, இப்போது வீட்டுச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது. காலையில் எழுந்தால் அதிலிருந்து சொட்டு... சொட்டு. தரையில் குட்டை. பெட்ரோலும் பாசியும் கலந்த நாற்றம். மனைவி துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"படகு வெளியவே போகல. கயிறு மட்டும் எப்படிங்க நனையுது?"

கேப்டன் கத்தரிக்கோலால் அதைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். மறுநாள் காலை ஆணியில் முழுசாகத் தொங்கியது. சொட்டு... சொட்டு.

பிறகு படுக்கைக்கு அடியிலிருந்து சத்தம். டொக். ஒன்பது வரை எண்ணலாம். டொக். மறுபடி ஒன்பது... மூன்றாவது வராது. வராத அந்த மூன்றாவதுக்காக அவர் விடிய விடியக் காத்திருப்பார். கண்ணெல்லாம் குழிவிழுந்துவிட்டது. ஒருநாள் மனைவி எழுந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அன்னிக்குக் கடைசியா என் தம்பி என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

டொக். அவளுக்கும் கேட்டது.

மறுநாள் கடை மூடுகிற நேரத்தில் அந்த மெக்கானிக்கிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டினார். கொக்கி, மூன்று அடி, வட்டம், எல்லாம். "வீட்ல சொல்லிடுங்க, அப்பதான் இது ஓயும்" என்று மெக்கானிக் சொல்லியிருக்க வேண்டும். அவன் சொல்லவில்லை. சொன்னால் கொக்கியை வெட்டிக் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வருமே. "நீங்களா எதையோ நெனச்சுக் கொழப்பிக்கிறீங்க. ஒரு தடவ தண்ணில போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்று அனுப்பி வைத்தான்.

போனார். அதே நாலேகால் மணி, அதே கிரீச்... கிரீச்... தனியாக. பயத்தில் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்திருந்தார். ஓட்டையை அடைத்திருந்தார், உயிர்காப்பு உடுப்பு போட்டிருந்தார். எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று நீர்த்தேக்கக் காவலாளியிடம் சொல்லியிருந்தார். கயிற்றை மணிக்கட்டில் இரண்டு முடிச்சாகக் கட்டியிருந்தார்.

எட்டு மணிக்குக் காவலாளி பார்த்தபோது படகு நடுத் தண்ணீரில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. ஆளில்லை. யாராலும் கிட்டே போக முடியவில்லை. பெட்ரோல் தீர்ந்து அது நிற்கப் பத்தரை மணியாகிவிட்டது. சுவிட்சில் ஒரு கொக்கி இருந்தது. வெறும் கொக்கி, கயிறு இல்லாமல்.

கேப்டன் வட்டத்துக்கு நடுவில் மிதந்தார். முகத்தைப் பற்றி வேண்டாம். மணிக்கட்டில் கயிறு இருந்தது. அதன் மறுமுனை தண்ணீருக்குள் நேராகக் கீழே போயிற்று. ஒன்றைக் கவனியுங்கள், இது சுருள் கயிறு. யாரும் இழுக்காவிட்டால் தானாகச் சுருண்டுகொள்ளும். அது விறைப்பாக நின்றது. இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள், வரவில்லை. மூன்றாவது தடவை சட்டென்று விட்டுக்கொடுத்தது. மேலே வந்த முனையில் ஒரு முடிச்சு. மணிக்கட்டு நுழைகிற அளவுக்கு ஒரு வளையம். உள்ளே ஒன்றுமில்லை.

காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி கடைக்கு வந்தாள். கணவனைத் தூக்கிக் கொடுத்தவள், தம்பியைத் தூக்கிக் கொடுத்தவள், கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேஜைமேல் அந்தக் கொக்கியை வைத்தாள். வெட்டிய இடம் கருகியிருந்தது, சூடான கத்தி பட்டால் அப்படித்தான் ஆகும்.

"இத வெட்டினது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணே?"

"எங்க கடை வேலை இல்லம்மா" என்றேன்.

ஆமாம். நான்தான் அந்த மெக்கானிக். இவ்வளவு நேரம் உங்களுக்குப் புரியாமலா இருந்திருக்கும்?

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அன்று ராத்திரியிலிருந்து இந்தக் கயிறு என்னோடு இருக்கிறது. கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் படுப்பேன். எழுந்தால் கையில் இருக்கும், இரண்டு முடிச்சு போட்டு. அதனால்தான் நாளைக்கு நான் வரவில்லை என்றேன். தண்ணீருக்குப் பக்கத்தில் போகிற ஆள் இல்லை நான்.

ஏன் எல்லோரும் இப்படி நகர்ந்து உட்காருகிறீர்கள்? கதை முடிந்துவிட்டது. பயப்படாமல் போய்ப் படுங்கள். நாளை கயிற்றைக் கட்டிக்கொண்டு ஓட்டினால் ஒன்றும்...

யாரப்பா அங்கே பெட்ரோல் கேனைத் திறந்தது?

விளக்கைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்கள். இதன் மறுமுனை என் மடியில்தானே சுருண்டு கிடந்தது, நீங்கள் எல்லோரும் பார்த்தீர்களே... இப்போது கதவுக்கு அடியில் போகிறது.

நேராகப் போகிறது.