நகராத சீட்

— மாப்ளே, எதுக்கு ஹாரன் அடிக்கிறே? ரோட்டுல ஒரு குரங்குகூட இல்லியே.

— நான் அடிக்கல மாமா. முழங்கால் அடிச்சுது.

— அடக்கி வை.

— எங்க வைக்கிறது, டிக்கியிலயா? சீட்டைப் பின்னாடி தள்ள முடிஞ்சா நானும் மனுஷன் மாதிரி ஓட்டுவேன்.

— அது நகராதுன்னு உனக்குத் தெரியும். லீவர் ஸ்பிரிங் கிடைக்கல. கம்பெனியில செய்யறதையே நிறுத்திட்டாங்க.

— என்ஜினையே இறக்கி ஏத்தின டொகுஜிக்கு ஒரு ஸ்பிரிங் கிடைக்கலியாம்...

— மாமனார் பேரைச் சொல்லாதே. மூணாவது கியர் போடு. இப்ப அமுக்கு... ஆ! கேட்டியா? டர்போ விசில்!

— எங்க வீட்டு டீ கெட்டிலும் இப்படித்தான் கத்தும்.

— சோஹெய், இது உன்னைவிட மூத்த வண்டி. மரியாதையாப் பேசு.

— சரி. எஃப்.சி. எடுக்கிற இடம் பட்டறையிலேர்ந்து பத்தே நிமிஷம். நாம ஏன் மலையைச் சுத்திட்டுப் போறோம்?

— முன்னாடி சிவப்புக் கோடு போட்ட பலகை தொங்குதே, அது நகராட்சி குடுத்த தற்காலிக நம்பர். எந்த வழியாப் போறோம்னு எழுதிக் குடுத்தாதான் தருவாங்க. எழுதின வழியை மீறினா குத்தம்.

— எழுதினதே நீங்கதானே!

— அதான் மீறாம போறேன்.

— கவுண்டர்ல ஒண்ணும் கேக்கலியா?

— "ஐயா, இது ரொம்பச் சுத்து ஆச்சே"ன்னா அந்தப் பொண்ணு. வண்டி என் மகளோடதுன்னேன். அவளுக்கு இந்த மலை ரோடுன்னா உசுருன்னேன். "இப்ப அவங்க எங்க?"ன்னா... சொன்னேன். பேசாம முத்திரை குத்திட்டா.

— வளைவு வருது மாமா, பிடிச்சுக்குங்க.

— பிரேக் இடது பக்கம் இழுக்குதா?

— இல்ல. மாமா, ஒரு விஷயம் சொல்லணும்.

— ஹீட்டர் வருதா பாரு.

— வருது. வர்ற ஞாயித்துக்கிழமை...

— கியர்பாக்ஸை இன்னொரு தடவ பிரிச்சிடலாம். ரெண்டாவதுல லேசா முனகுது.

— முனகல. உங்களுக்கே தெரியும். வண்டி முடிஞ்சிடுச்சு மாமா.

— பழைய வண்டி என்னிக்கு முடிஞ்சிருக்கு?

— இன்னிக்குப் பாஸ் ஆயிட்டா அப்புறம் வாராவாரம் ஞாயித்துக்கிழமை நான் எதுக்கு வர்றது?

— சோத்து உருண்டை சாப்பிட. உப்புப் பிளம் வச்சது, பையில இருக்கு. நானே பிடிச்சேன், கொஞ்சம் கோணலா இருக்கும்.

— சியோரி இருந்தப்ப நீங்க என்கூடப் பத்து வார்த்தை பேசியிருப்பீங்களா?

— கல்யாணத்துல பேசினேனே.

— "மீனை எடுத்துக்கோ"ன்னீங்க.

— நல்ல மீன் அது.

— இந்த வண்டிக்காக வர ஆரம்பிச்சப்புறம்தான் நாம பேசவே ஆரம்பிச்சோம். அவ பார்த்திருந்தா நம்பியிருக்க மாட்டா.

— ஆஸ்பத்திரில சேர்றதுக்கு முந்தின நாள் அவளேதான் ஓட்டிட்டு வந்தா. கொட்டாய்ல விட்டுட்டு, "அப்பா, பேட்டரி வயரைக் கழட்டி வைங்க, வந்து மாட்டிக்கலாம்"னா. கழட்டி வச்சேன்...

— ஐயோ, மறுபடி முழங்கால். மன்னிச்சிடுங்க.

— பரவால்ல. அவ குட்டை. சீட் இந்த இடத்துல இருந்தாதான் அவளுக்குப் பெடல் எட்டும்.

— மாமா, ஸ்பிரிங் நிஜமாவே கிடைக்கலியா?

— ரோட்டைப் பாரு.

— மாமா...

— கிடைச்சுது. போன வருஷமே. ஒசாகாவுல ஒருத்தன் பழைய வண்டியிலேர்ந்து கழட்டி அனுப்பினான். சட்டைப் பையிலதான் கிடக்கு.

— சரி, கிடக்கட்டும். நான் இப்படியே ஓட்டறேன்.

— ஓரமா நிறுத்து.

— எதுக்கு?

— நிறுத்துன்னா நிறுத்து. காலைத் தூக்கு... கொறடு எங்க?

— வேணாம் மாமா. தள்ளிட்டா அவ வச்ச இடம் போயிடும்.

— போயிடும். அதனாலதான் ஒரு வருஷமா மாட்டல. நகராதே... ம், மாட்டிக்கிச்சு. லீவரைத் தூக்கிட்டுப் பின்னாடி தள்ளு.

— முடியல மாமா.

— கை முடியலியா, மனசா? என் பொண்ணு இடம். நான் சொல்றேன், தள்ளு.

— ...தள்ளிட்டேன்.

— நகந்துச்சா?

— பக்கத்துலயே இருக்கீங்க, பார்க்கலியா?

— ஹீட்டர் நல்லா வேலை செய்யுது. என் கண்ணாடியில ஆவி அடிச்சிடுச்சு, ஒண்ணும் தெரியல... என்னமோ சொல்ல வந்தியே, ஞாயித்துக்கிழமைன்னு?

— அது ஒண்ணுமில்ல மாமா... ஆபீஸ் வேலை. இனிமே ஞாயித்துக்கிழமையிலயும் இருக்கும் போல.

— அந்த ஆபீஸ் வேலையைத்தான் போன மாசம் ரயில் ஸ்டேஷன் வாசல்ல பார்த்தேனே, கொட்டுற மழையில உனக்குக் குடை பிடிச்சிக்கிட்டு நின்னா... நீ என்னைப் பார்த்தா சங்கடப்படுவேன்னு காசு போடற ஜூஸ் மெஷினுக்குப் பின்னாடி ஒளிஞ்சு நான் தொப்பலா நனைஞ்சேன். நல்ல உயரம் அந்தப் பொண்ணு, அவளும் ஓட்டணும்ல... சீட்டை இன்னும் ஒரு பல் பின்னாடி தள்ளு மாப்ளே.