மிரட்டல் கேட்கிற வேலை

இல்ல மாப்ள, எழுப்ப வேண்டாம். இப்பதான் மாத்திரை போட்டுப் படுத்தா. உக்காருங்க. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. எழுப்பினாலும் என்ன பேசிடப் போறா? தாடைய கம்பி வச்சுக் கட்டியிருக்கு. வாயத் திறக்கவே கூடாதுன்னுட்டார் டாக்டர். தங்கச்சிக்கும் சேத்து இனி அண்ணன்தான் பேசணும்.

மாடிப்படியா? சரி, அவ மாடிப்படியில விழுந்தான்னே வச்சுக்குவோம். நான் ஒண்ணும் கேக்கலியே.

ஆபீஸா? போகல. வேலைய வீட்டுக்கே கொண்டு வந்துட்டேன். ஊரான் பேச்ச ஒட்டுக்கேட்டு சம்பளம் வாங்குறார் எங்க மச்சான்னு சொல்லிச் சிரிப்பீங்களே, அதேதான். மொழியியல்னு பேரு. கோர்ட்டுக்கு மிரட்டல் ஆடியோ ஏதாவது வந்தா எனக்கு அனுப்புவாங்க. கொல்லுவேன்னு சொன்னவன் நெசமாவே செய்வானா, வெறும் வாய்ச்சவடாலான்னு நான் சொல்லணும். ஹெட்போனக் காதுல மாட்டிக்கிட்டு ஒண்ணு விடாம எழுதணும். மூச்சு வாங்குறது, எச்சில் முழுங்குறது கூட.

ஆமா, கெட்ட வார்த்தையும்தான். ரெண்டு பாஷையில படிச்சது எதுக்கு, ரெண்டுலயும் அத எழுதத்தான்.

ஆனா கத்துறவன் இருக்கானே மாப்ள... குடல உருவுவேன், மண்டைய பொளப்பேன்னு கத்துவான். அடிப்பான், இல்லேங்கல. பல்லு போகும், தாடை போகும். கழுத்த நெரிச்சுட்டு அப்புறம் உக்காந்து அழுவான். உயிர எடுக்கணும்னே முடிவு பண்ணவன் பேச்சு நான் கேட்ட வரைக்கும் வேற மாதிரி.

ஒரு தையல்காரன் கேஸு. பொண்டாட்டி அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போன் பண்றான், ஒரு திட்டு கிடையாது. தச்ச துணியெல்லாம் குடுத்து முடிச்சுட்டேன், மிஷின தம்பிய எடுத்துக்கச் சொல்லிட்டேன், வந்து உன்னப் பாக்குறேன்னான். ஆள் திருந்திட்டான்னு வீடே சந்தோஷப்பட்டுச்சு. அவளே போய் கதவத் திறந்தா. துணி வெட்டுற கத்தரிக்கோல். முதல்ல கழுத்துல. விழுந்தப்புறமும் முதுகுல குத்திக்கிட்டே இருந்தான். அந்தப் போன் பேச்ச எத்தன தடவ கேட்டிருப்பேன்! குரல்ல கோவமே இல்ல. கடைய மூடிட்டுப் போறவன் மாதிரி பேசுறான்.

என்ன, வேர்க்குதா? ஃபேன் இதுக்கு மேல சுத்தாது.

காலையில அவ போனுக்கு நீங்க பேசி அனுப்பினத நானும் கேட்டேன். கண்ணுன்னு கூப்பிட்டிருந்தீங்க. கல்யாணத்துக்கப்புறம் நீங்க அவள அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. கோவமெல்லாம் போச்சு, வந்து கூட்டிட்டுப் போறேன்னீங்க. உடனே பாவி மக துணிய மடிக்க ஆரம்பிச்சுட்டா. நடுவுல போற போக்குல ஒண்ணு சொன்னீங்க பாருங்க, வீட்டுச் சாவிய எதிர் வீட்டுல குடுத்தாச்சு, மீன் தொட்டியையும் அவங்களே வச்சுக்கட்டும்னு. பொண்டாட்டியோட வீடு திரும்பப் போறவன் சாவிய ஏன் மாப்ள குடுக்கறான்?

போலீஸா? போய்ச் சொன்னேனே. மீன் தொட்டியத் தூக்கிக் குடுத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியாது சார்னு சிரிச்சாங்க.

அட, ஏன் எந்திரிக்கிறீங்க? அவ ரூம் கதவ உதைக்காதீங்க. தாழ்ப்பாளே போடல, தள்ளுனா திறக்கும்.

கட்டில்ல இருக்கிறது தலகாணிதான். போர்வையையும் எடுத்துப் பாத்துக்கங்க.

நீங்க பெல் அடிக்கறப்பதான் பின்பக்கம் அவள வண்டியில ஏத்திட்டு வந்தேன். ரயில் கிளம்புற வரைக்கும் உங்கள இங்க உக்கார வைக்கணுமே. புடிச்சு நிறுத்த இந்த உடம்புல ஏது தெம்பு? எனக்குத் தெரிஞ்சது பேச்சு ஒண்ணுதான். இந்நேரம் கிளம்பியிருக்கும்.

எந்த ஊருக்குன்னு எனக்குத் தெரியாது மாப்ள. எனக்கும் சொல்லாதன்னுதான் அனுப்பினேன். நீங்க எப்படிக் கேப்பீங்கன்னு அவ தாடையப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டவன் நான்.