அஞ்சாவது ஜோடி வயர்

மத்தியானம் மூணு மணி. ராத்திரி இல்ல... நல்லா கேட்டுக்கோங்க. பட்டப்பகல். ஊருக்கு வெளிய புதுசா போட்ட ரோடு. ரெண்டு பக்கமும் கட்டி முடிச்சுப் பூட்டி வெச்ச வீடுங்க. ஒரு ஜன்னல்லயும் திரை இல்ல. ஒரு நாய் கூட இல்ல. ரோட்டோட கடைசி வீட்டுல மட்டும்தான் ஆளுங்க.

எங்க ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரன் இருக்கான்ல, அவனோட அக்கா புருஷனுக்கு நடந்தது இது. வீடுகள்ல சீலிங்ல ஸ்பீக்கர் வெச்சுக் குடுக்குறவர். சட்டைப் பையில எப்பவும் கரண்ட் அளக்குற ஒரு மீட்டர் இருக்கும். அதனால வீட்டுலயே அவரு பேரு 'மீட்டர்'தான். பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சா, "மீட்டர்ல நம்பர் காட்டுமா? காட்டாதுல்ல? அப்ப இல்ல"ம்பாரு. அவ்வளவுதான் அவர் வேதாந்தம்.

கூப்பிட்டது ஒரு பல் டாக்டரம்மா. கல்யாணம் ஆகல. அவங்களும் அவங்க அப்பாவும் மட்டும். அப்பா நில அளவை ஆபீஸ்ல இருந்து ரிட்டயர் ஆனவர். ஒரு வருஷத்துக்கு முன்னாடி கண்ணு போயிடுச்சு... ரெண்டும். பழைய வீடு மனப்பாடம், சமாளிச்சாரு. இந்த வீடு புதுசு. வந்த ரெண்டாவது வாரமே மாடிப்படியில உருண்டு மணிக்கட்டு முறிஞ்சுபோச்சு.

சீலிங்ல ஸ்பீக்கர் ஏற்கெனவே இருந்துச்சு. கட்டினவங்களே வெச்சது. நாலு இடம், இடத்துக்கு ரெண்டு, மொத்தம் எட்டு. வயரெல்லாம் மாடிப்படிக்குக் கீழ ஒரு அலமாரிக்குள்ள வந்து முடியுது. ஆம்ப்ளிஃபயர்தான் இல்ல.

டாக்டரம்மா கேட்டது இதுதான். "ஒவ்வொரு இடத்துலயும் வேற வேற சத்தம் வேணும். ஹால்ல நியூஸ். சாப்பாட்டு ரூம்ல பழைய பாட்டு. அப்பா ரூம்ல புல்லாங்குழல். மாடிப்படிக்கிட்ட கடிகாரச் சத்தம், டிக் டிக்னு. அதக் கேட்டாலே அப்பா நின்னுடணும். சத்தத்த வெச்சு அவரு வீட்டுல நடமாடணும்."

மீட்டருக்கு மனசு இளகிப்போச்சு. ஒரே ஆம்ப்ளிஃபயர் வாங்கி, ஒரு பெட்டி வெச்சு நாலா பிரிக்கலாம், மலிவு. ஆனா நாலு இடத்துலயும் ஒரே பாட்டுதான் வரும். எட்டு ஸ்பீக்கரையும் ஒண்ணோட ஒண்ணு கோத்தா மெஷினும் சூடேறிச் செத்துடும். அதனால நாலு இடத்துக்கும் தனித்தனியா சத்தம் அனுப்புற மெஷின்தான் வேணும்னு எழுதிக்கிட்டாரு.

அப்புறம் அலமாரிக்குள்ள குந்தி வயரை எண்ணினாரு.

அஞ்சு ஜோடி.

இடத்துக்கு ஒரு ஜோடின்னு நாலு வர வேண்டியதுக்கு அஞ்சு. மீட்டரை வெச்சாரு. சும்மா தொங்குற வயரா இருந்தா நம்பரே காட்டாது. இது காட்டுச்சு... மத்த நாலு மாதிரியே. அப்ப அந்த முனையில ஸ்பீக்கர் இருக்குன்னு அர்த்தம். "இன்னொரு ரூம் இருக்காம்மா?" "இல்லையே." அந்த வயர்ல ஒரு பீப் சத்தம் அனுப்பிட்டு டாக்டரம்மாவ வீடு பூரா சுத்தச் சொன்னாரு. எங்கயும் கேக்கல. வீட்ட வித்தவருக்கு போன் போட்டா, "நாலுதான் சார், எனக்கு வேற வேலை இருக்கு"ன்னு வெச்சுட்டாரு.

சரி, கிடக்கட்டும்னு அஞ்சாவத டேப் சுத்தி ஓரமா விட்டாரு.

முதல் மெஷின மாட்டுனாரு. நாலு இடமும் ஜம்முனு பாடுது. அப்பா ஹால்ல இருந்து சாப்பாட்டு ரூமுக்குத் தானா நடந்து போறாரு, சிரிச்சுக்கிட்டே. இருபது நிமிஷம்... 'டக்'. சிவப்பு லைட்டு. எல்லாம் நின்னுபோச்சு.

அலமாரிக்குள்ள காத்து இல்ல, சூடாயிருக்கும்னு நெனைச்சாரு. கதவுல ஓட்டை போட்டாரு, குட்டி ஃபேன் வெச்சாரு. தொட்டுப் பாத்தா மெஷின் ஜில்லுனு இருக்கு. திரும்பவும் இருபது நிமிஷம். டக்.

கடைக்காரன் கிட்ட போய் சண்டை. அவன் அதையே கடையில போட்டுக் காட்டுறான்... நாள் பூரா பாடுது. "உங்களுக்குத்தான் மாட்டத் தெரியல"ன்னான். முப்பது வருஷ சர்வீஸ்காரன் கிட்ட சொல்ற பேச்சா? வீட்டுக்கு வந்தா பொண்டாட்டி, "இன்னுமா அந்த வீடு? அங்கயே ஒரு பாய் போட்டுக்கோங்க"ங்குது.

அடுத்த தடவ உஷாரா, நாலு குட்டி ஆம்ப்ளிஃபயர் வாங்கிட்டுப் போனாரு. இடத்துக்கு ஒண்ணு. ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. ஒண்ணு படுத்தா மூணு ஓடணும், அதான் கணக்கு.

இருபதாவது நிமிஷம். டக்.

ஒரு சத்தம்தான் கேட்டுச்சு... நாலு லைட்டும் சிவப்பு.

அந்த நேரம் அப்பா மாடியில இருந்து இறங்க வந்துக்கிட்டிருந்தாரு. டிக் டிக்க நம்பி வந்தவரு. அது நின்னுபோச்சுன்னு அவருக்குத் தெரியல, இன்னும் தூரம் இருக்குன்னு நெனைச்சுட்டாரு. மீட்டர் அலமாரியில இருந்து தலைய நீட்டிப் பாக்குறாரு... மேல் படி ஓரத்துல ஒரு கால் அந்தரத்துல இருக்கு. எப்படி ஏறினாருன்னு அவருக்கே தெரியாது. ரெண்டு ரெண்டு படியாத் தாவி சட்டையப் புடிச்சு இழுத்தாரு. பித்தான் ரெண்டு தெறிச்சுப் படியில உருண்டு போச்சு.

டாக்டரம்மா ஓடி வந்து அப்பாவ உக்கார வெச்சாங்க. கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "நான் ஒரு பல்லுக்கு நாலு தடவ வரச் சொன்னா என்னை அடிப்பாங்க சார். உங்களால முடியலேன்னா சொல்லிடுங்க."

அந்த வார்த்தை குத்திடுச்சு. மீட்டர் ஒரு வாரம் சரியா தூங்கல. வயரு, ஸ்பீக்கரு, ஜாயிண்ட்டு, எல்லாத்தையும் அளந்தாச்சு. எதுலயும் குத்தம் இல்ல. குத்தம் இருந்தா சரி பண்ணலாம். இல்லாத குத்தத்த எங்க போய் சரி பண்றது?

கடைசியா ஒரு பெரிய மெஷின். ஆறு இடத்துக்கு அனுப்பலாம். தேவைக்கு மேலதான், ஆனாலும் வாங்கிட்டுப் போனாரு. நாலு ஜோடியையும் மாட்டுனாரு. டக். இந்தத் தடவ இருபது நிமிஷம் கூட இல்ல... ரெண்டே நிமிஷம்.

அவருக்கு மண்டை கொதிச்சுப்போச்சு. ஸ்க்ரூடிரைவரத் தூக்கி அடிச்சாரு. அது போய் விழுந்தது அந்த அஞ்சாவது ஜோடி மேல. அதையே முறைச்சுப் பாத்தாரு. "உனக்கும் வேணுமா? இந்தா, தொலை!"ன்னு டேப்ப பிச்சு அதையும் அஞ்சாவது ஓட்டையில மாட்டுனாரு. பாட்டு ஒண்ணும் அனுப்பல. சும்மா மாட்டுனாரு, அவ்வளவுதான்.

மெஷின் எழுந்துச்சு. இருபது நிமிஷம்... ஒரு மணி நேரம்... சாயங்காலம் வரைக்கும் ஒரு சிணுங்கல் இல்ல. அப்பா வீட்ட நாலு சுத்து சுத்தி வந்தாரு. டாக்டரம்மா கண்ணத் தொடச்சுக்கிட்டு, "அன்னிக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார்"ன்னாங்க. மீட்டர் தலைய ஆட்டிட்டு வந்துட்டாரு. காரணம் தெரியாம ஒரு வேலை முடிஞ்சா அவருக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி. ஆனா முடிஞ்சுதே, போதும்னு விட்டாரு.

பத்து நாள் கழிச்சு போன். அப்பாவே பேசுறாரு. குரல்ல அப்படி ஒரு சந்தோஷம்.

"ரொம்ப நன்றி தம்பி. எல்லாம் அருமை. அதுலயும் அந்த அஞ்சாவது ரூம் இருக்கு பாரு... மனசுக்கு அவ்வளவு எதமா இருக்கு. ஹால் சுவத்துல இருந்து அந்தப் பக்கமா ஏழு அடி வெச்சா அதோட வாசப்படி வந்துடுது. தினமும் சாப்பிட்டதும் அங்க போய்த்தான் உக்காந்துக்குறேன்."

மீட்டர் போன வெச்சாரு. அந்த ஹாலை அங்குலம் அங்குலமா அளந்தவரு அவரு. சுவத்துக்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. ஏழு அடி இல்ல, ஒரு அடி கூட இல்ல.

வண்டிய எடுத்தாரு. மத்தியானம் மூணு மணி. அதே ரோடு.

டாக்டரம்மா க்ளினிக்ல இருந்து அப்பதான் வந்து கதவத் திறக்குறாங்க. "அப்பா ரூம்ல தூங்கிக்கிட்டிருப்பாரு சார். என்ன விஷயம்?" பயப்படுத்த வேணாம்னு, "ஒரு வயரு அதிகமா இருக்கும்மா, கழட்டிட்டுப் போயிடுறேன்"னாரு. நேரா அலமாரிக்குள்ள போனாரு. புதுசா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஒரு ஈர வாடை... அன்னிக்கு அது இல்ல. மெஷின்ல அஞ்சாவது லைட்டு பச்சையா எரியுது. சத்தம் போகும்போது மட்டும் எரியுற லைட்டு அது. அவரு எந்தச் சத்தமும் அனுப்பலையே.

ஸ்க்ரூவ அரைச் சுத்து லூஸ் பண்ணி வயரை உருவினாரு.

டக்.

நியூஸ் நின்னுச்சு. பாட்டு நின்னுச்சு. புல்லாங்குழல், டிக் டிக்... எல்லாம். மெஷின் செத்துக் கிடக்கு. அவரு ப்ளக்கையும் புடுங்கிட்டாரு.

அப்புறம் தலைக்கு மேல இருந்து வந்துச்சு. ஹால்ல, சாப்பாட்டு ரூம்ல, எல்லா சீலிங் ஸ்பீக்கர்லயும்... மெதுவா... காலடிச் சத்தம். செருப்பு இல்லாத காலு. கூடவே அப்பா குரல், அடிய எண்ணுது.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

நின்னுடுச்சு.

"சத்தத்தக் காணோமே... எந்தப் பக்கம் திரும்பணும்?"

டாக்டரம்மா ஓடிப்போய் அப்பா ரூம் கதவத் தள்ளுனாங்க. கட்டில் காலி. போர்வை மடிச்சு வெச்சிருக்கு. "அப்பா!"ன்னு ஒரு அலறல். மேல இருந்து திரும்பவும் எண்ணுது, இப்ப வேகமா... தப்புத் தப்பா. "ஒண்ணு... ரெண்டு... அஞ்சு... எட்டு..." குரல் கொஞ்சம் கொஞ்சமா தூரப் போகுது. கிணத்துக்குள்ள இறங்குற மாதிரி.

"சார், மாட்டுங்க! கழட்டுனத மாட்டுங்க சார்!"

மீட்டர் கையில வயரு நிக்க மாட்டேங்குது. வேர்வையில வழுக்குது. ஓட்டைக்குள்ள நுழைய மாட்டேங்குது. முப்பது வருஷமா கண்ண மூடிக்கிட்டு செஞ்ச வேலை... அன்னிக்கு ஒரு வயரு நுழைக்க வரல. பல்லால கடிச்சு முனைய முறுக்கி, திணிச்சு, ஸ்க்ரூவ இறுக்கி, ப்ளக்கைச் சொருகினாரு.

நியூஸ் வந்துச்சு. பாட்டு வந்துச்சு. டிக் டிக்...

ரெண்டு பேரும் ஹால்ல நின்னாங்க. அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். டாக்டரம்மா மீட்டரோட சட்டைக் கையப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

பின்னாடி காலடிச் சத்தம். திரும்புனாங்க. வாசல் பக்கம் இல்ல, ரூம் பக்கம் இல்ல... வெறும் சுவரு இருக்குற பக்கத்துல இருந்து அப்பா நடந்து வர்றாரு. ஒரு கை சுவத்த வருடிக்கிட்டே. சட்டை தோள்பட்டை ஈரமா இருக்கு. காயம் எதுவும் இல்ல.

டாக்டரம்மா ஓடிப்போய்க் கட்டிக்கிட்டு அழுதாங்க. மீட்டர் அந்த அலமாரியப் பூட்டி சாவிய அவங்க கையிலயே குடுத்துட்டு வந்துட்டாரு. அந்த மெஷினை இன்னிக்கு வரைக்கும் யாரும் அணைக்கல. அணைக்கவும் விட மாட்டாங்க.

இதுல, மகளைக் கட்டிப் புடிச்சதும் அப்பா ஒண்ணு கேட்டாரு. அத மட்டும் மீட்டர் எங்க ஆபீஸ் ஆளு கிட்ட சொல்றதுக்கே ஆறு மாசம் ஆச்சு.

மகளோட மூஞ்சியத் தடவிப் பாத்தாராம். திரும்பவும் தடவிப் பாத்தாராம். குழம்பிப்போய்க் கேட்டாராம்...

"இப்ப வரைக்கும் உள்ள என் பக்கத்துல உக்காந்து பேசிக்கிட்டிருந்தியே... எனக்கு முன்னாடி நீ எப்பம்மா வெளிய வந்தே?"