இரண்டாவது ஊசி

பனி விழ ஆரம்பித்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. நாற்பது வருடம் இந்த நரின் மலையில் கிடாய்க்கும் குதிரைக்கும் காயடித்த இடுப்பு. இமானலி வேலைக்குச் சுணங்கினான் என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், அம்மா.

பெட்டை நாய்க்கும் பூனைக்கும் கருப்பை எடுக்கும் வேலை இரண்டு வருடமாகத்தான். ஒரு பெட்டைக்கு இரண்டு ஊசி என்று உங்கள் கால்நடை அலுவலகத்திலிருந்து கணக்காகத் தருகிறீர்கள். முதல் ஊசியில் கைகால் துவண்டுவிடும். இரண்டாவது வலிக்கு. முதலாவதே போதும் என்பது என் அனுபவம். அசையாமல் கிடப்பதற்கு வலி ஏது? கிடாய்க்கு அந்த ஒன்றுகூடப் போட்டதில்லை. நாலு பேர் பிடித்தால் முடிந்தது.

புருல்கன் கொண்டுவந்த நாய்க்கு அக்தோஷ் என்று பெயர். நெஞ்சில் வெள்ளை. புருஷன் ரஷ்யாவுக்குக் கூலி வேலைக்குப் போனபின், அறுபது ஆட்டோடு மேய்ச்சல் மலையில் தனியாக இருக்கிறவள் அவள். ஓநாய்க்கும் அவளுக்கும் நடுவில் அந்த நாய்தான். பருவம் வந்தால் பட்டியை விட்டு ஓடிவிடுகிறது என்று கூட்டிவந்தாள்.

"அண்ணே, வலிக்காதுல்ல?"

"உனக்குப் பிரசவத்துல யாரு ஊசி போட்டா? தலையப் பிடி, தங்கச்சி."

பிடித்துக்கொண்டாள். வயிற்றைத் திறந்தேன். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் கீற மாட்டேன், சுத்தமான கை. கருப்பையை வெளியே இழுக்கும்போது சொன்னாள்:

"அண்ணே, இது என் விரல நக்குதுண்ணே."

"மயக்கத்துல நக்கும்."

"கண்ணுல தண்ணியா ஊத்துது."

"வெளக்கு வெளிச்சம். கைய எடுக்காத."

தையல் போட்டபின், எல்லாருக்கும் சொல்வதையே அவளுக்கும் சொன்னேன். இன்று சாப்பிடாது, நடுங்கும், போர்த்திவிடு. காயத்தை நக்கவிடாதே, பழைய சட்டையைச் சுற்றிக் கட்டு. பத்து நாள் ஓட்டம் கூடாது. பிறகு கொஞ்சம் சதை போடும், சாதுவாகிவிடும். இதில் ஒரு சொல் தப்பில்லை. யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தார்கள். என்னைக் கண்டதும் அக்தோஷ் வாசலிலேயே மல்லாந்து, நாலு காலையும் தூக்கிக்கொண்டு படுத்துவிட்டது. மூத்திரம் போனது. மற்றபடி அசைவில்லை.

"பாத்தியா, என்மேல எவ்வளவு நம்பிக்கை," என்றேன்.

"முந்தாநாள் ஓநாய் வந்து நாலு ஆட்டக் கிழிச்சுது. அப்பவும் இப்படித்தான் படுத்துக் கெடந்துச்சு. என்னண்ணே செஞ்சீங்க இத?"

குனிந்து தையலைப் பிரித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. அலமாரியிலிருந்து குப்பியை எடுத்து, சட்டையைத் தூக்கி, பழக்க தோஷத்தில் அவள் எதிரிலேயே ஊசி போட்டுக்கொண்டேன். அவள் குப்பியின் சீட்டை வாசித்தாள். 'நாய் வலிக்கு' என்று பெரிய எழுத்தில்தான் போட்டிருக்கிறது. நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆமாம், இரண்டாவது ஊசியெல்லாம் எனக்குத்தான் போயிற்று. முதல் பெட்டையிலிருந்தே. எழுபத்தொரு நாய், இருபத்துநாலு பூனை. எனக்கு வலித்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் கெடுதல் அவற்றுக்குத்தானே? அவற்றை நினைத்துத்தான் போட்டுக்கொண்டேன்.

அலமாரியில் இன்னும் ஒரு குப்பி இருக்கிறது. அக்தோஷுக்கு நான் ஒரு ஊசி கடன்பட்டிருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. இந்தப் பனி கழியட்டும், கொடுத்துவிடுகிறேன்.