நடுச்சுவர் சரிந்தது குறித்துத் தாய்மாமன் சொன்னது

என் பெயரை எழுத்தர் மேலே தனியாகக் குறித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒரு நாய்கூட வழி காட்டாது. அளப்பு மாமா என்றால்தான் தெரியும். வயது எழுபத்தொன்று. நூற்றுப்பத்து என்று நான் சொன்னதை ஆய்வாளர் ஏற்கவில்லை. சந்தைக்குப் பின்புறம் ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். இறந்துபோன பெரியவனும், இப்போது காவலில் இருக்கும் சின்னவனும் என் அக்காள் பிள்ளைகள்.

அக்காள் காலமான பிறகு அவளுடைய பழைய வீட்டை இருவரும் குறுக்கே பாகம் பிரித்துக்கொண்டார்கள். முன்தெரு வாசல் பெரியவனுக்கு, பின்தெரு வாசல் சின்னவனுக்கு. இடைக்கதவை அடைத்துப் பூசினார்கள். அப்போது வாய்த்தகராறு முற்றியதில், அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒருவன் தும்மினால் மற்றவன் ஜன்னலைச் சாத்துவான். நான் மட்டும் தெருவைச் சுற்றி நடந்து இரண்டு வீட்டுக்கும் போய்வந்தேன். நடுச்சுவர் ஒன்றரை அடி கனம். யானை முட்டினால் யானைக்குத்தான் தையல் போட வேண்டும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். மேல்தளத்து உத்திரங்கள் இரு பக்கத்திலிருந்தும் வந்து அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தன.

பெரியவன் வீட்டு அடுப்படியில் ஃபிரிட்ஜ் பாதி வழியை மறித்துக்கொண்டு நின்றது. அவன் மனைவி வயிற்றை எக்கிக்கொண்டுதான் அதைத் தாண்டுவாள். அடுப்படியைச் சீர்செய்ய அவன் பால்காரர், முடிதிருத்துபவர், பல் வைத்தியர் என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் யோசனை கேட்டான். பழைய வீடு வைத்திருப்பவனுக்கு யோசனை சொல்லத் தெரியாத மனிதன் இன்னும் பிறக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு மேஸ்திரி வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, பாதிக் கனத்துக்குக் கொஞ்சம் குறையக் குடைந்தால் ஃபிரிட்ஜ் உள்ளே நகர்ந்து வழி விடும் என்றார்.

"அந்தப் பக்கம் கேட்டுட்டீங்களா?" என்றார் மேஸ்திரி.

"கேட்டாச்சு, நீங்க ஆரம்பிங்க" என்றான் பெரியவன்.

கேட்கவில்லை. தம்பியிடம் நாக்கால் கேட்பதைவிட அந்த நாக்கை அறுத்துக் கொடுத்திருப்பான். தட்டும் சத்தத்துக்கு அனுமதி கேட்கச் சொல்கிறார் என்று நினைத்து நானும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

அந்தச் சத்தம் கேட்டபோது சின்னவன் என்னிடம், "என்னைக் கடுப்பேத்தத்தான் தட்டுறான் மாமா. இருங்க, நானும் தட்டிக் காட்டறேன்" என்றான். அதற்குப் பிறகு அவன் வேறொரு மேஸ்திரியை அழைத்துத் தன் படுக்கையறையில் பீரோவுக்கு இடம் குடைய வைத்தான். அந்த மேஸ்திரியும் அதே கேள்வியைக் கேட்டதாகவும், இவனும் அதே பதிலைச் சொன்னதாகவும் பின்னர் அறிந்தேன். வேலை முடிந்ததும் சின்னவன் மனைவி என்னைக் கூப்பிட்டு, "பீரோ எப்படி உள்ள உட்கார்ந்திருக்கு பாருங்க மாமா" என்றாள். சக்கரவர்த்திகளே பொறாமைப்படுவார்கள் என்று பாராட்டினேன். ஃபிரிட்ஜையும் பார்த்தேன், பீரோவையும் பார்த்தேன். தெருவைச் சுற்றிச் சுற்றிப் போனதில் அவை இரண்டு வீடு, இரண்டு சுவர் என்றே என் புத்தியில் பதிந்திருந்தது. இரண்டுக்கும் முதுகு ஒன்று என்று தோன்றவில்லை.

சம்பவத்தன்று காலை நான் சின்னவன் வீட்டில் இருந்தேன். முதலில் பீரோக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அதற்குப் பிறகு சுவர் வயிறு உப்பி, உத்திரத்தோடு அந்தப் பக்கம் சாய்ந்தது. புழுதி அடங்கியபோது பெரியவன் வீட்டு வாசல் எனக்கு நேராகத் தெரிந்தது. பெரியவன் தெரியவில்லை, பால் பாக்கெட் பிடித்த அவன் கை மட்டும் தெரிந்தது. சின்னவன் "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபடி வெறும் கையால் செங்கல்லைத் தோண்டினான். விரல் நகங்கள் பெயர்ந்ததை அவன் கவனிக்கவில்லை. வெளியே எடுத்தபோது பெரியவனுக்கு உயிர் இல்லை.

அதற்குப் பிறகு பெரியவன் மனைவி சின்னவனைப் பார்த்து, "தெரிஞ்சேதானே வெட்டின? இல்ல, உங்கண்ணன் தனக்குத் தானே குழி தோண்டிக்கிட்டாருன்னு சொல்லப்போறியா?" என்று கேட்டாள். சின்னவன், "இல்ல அண்ணி. முழுசும் நான்தான்" என்றான். அதையே இங்கேயும் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அது பொய். பாதிதான் அவன் வெட்டினான். அண்ணனும் வெட்டியிருந்தது அப்போது அவனுக்குத் தெரியாது. இடிபாட்டில் பாருங்கள், விழாமல் மிஞ்சிய அடிச்சுவரில் ஃபிரிட்ஜ் பெரியவன் வெட்டிய குழியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டு மேஸ்திரிகளையும் விசாரிக்கலாம்.

இதைச் சொன்னதற்காகப் பெரியவன் மனைவி என்னை வாசற்படி ஏறவிடமாட்டாள். செத்தவனைக் காட்டிக்கொடுத்தேன் என்று சின்னவனும் என் முகத்தில் விழிக்கமாட்டான். அக்காள் பிள்ளைகளில் ஒருவனைச் சுவர் எடுத்துக்கொண்டது. மற்றவன் தானாகவே போய் உட்கார்ந்திருக்கிறான். பெரியவன் வெட்டிய பாதியைப் பெரியவன் பெயரிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. இதில் அடிப்பதற்கோ சேர்ப்பதற்கோ ஒன்றும் இல்லை.

(ஒப்பம்)
தாய்மாமன்